கிணற்றுக்கு இன்னும் நூற்று ஆறு காலடி

ஏரி மதகின் கல்லில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு கிழக்கு எது என்று தேடினேன். மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. சூரியன் நேராக என் மண்டைமேல் உட்கார்ந்திருந்தது. திசை கண்டுபிடிக்க அதைவிடக் கேடுகெட்ட நேரம் கிடையாது.

கரைக்குக் கீழே என் பஸ் இன்ஜின் அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்பத்திரண்டு பெண்கள். நீல யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள். அத்தனை தலையும் என்னைப் பார்க்க ஒரே பக்கத்து ஜன்னலில் குவிந்ததில் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தே நின்றது.

"டிரைவரே, இன்னா ஆகாசத்தைப் பாத்துக்கினு நிக்கிற? கெய்க்கு அந்தாண்ட. அதோ செல்போன் டவர் கீதுல்ல, அதாண்ட நட" என்று கத்தியது கற்பகம் அக்கா. வல்லத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்து குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை.

நான் டவரைப் பார்த்துத் திரும்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தேன். முந்நூற்று இருபது காலடி வைக்கவேண்டும்.

நாற்பத்தாறு வயசில், ஓட்டிப்போன கம்பெனி பஸ்ஸைப் பாதையில் விட்டுவிட்டு, ஒருத்தன் கரம்பில் காலடி எண்ணுகிறான் என்றால் அவனுக்கு என்ன கோளாறு என்று கேட்பீர்கள். கோளாறு பழசு. நான் எழுத்து கற்றுக்கொண்ட நாளிலிருந்து இருக்கிறது.

போர்டு பார்த்துப் படித்த படிப்பு

மூன்றாம் வகுப்பை நான் இரண்டு வருஷம் படித்தேன். இரண்டாவது வருஷ முடிவில் வாத்தியாருக்கும் எனக்கும் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அவர் என்னைத் தேடுவதில்லை, நான் அவரைத் தேடுவதில்லை.

அப்புறம் குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி கழுவப் போனேன். கழுவுகிறவன் கண்ணுக்கு நேராக இருப்பது ஊர்ப் பெயர் போட்ட போர்டு. தினமும் தேய்த்துத் தேய்த்து, தேய்த்த எழுத்தெல்லாம் மனசில் ஒட்டிக்கொண்டது. நான் படித்த முதல் வார்த்தை 'பூந்தமல்லி'. இரண்டாவது 'தாம்பரம்'. ஸ்ரீபெரும்புதூரில் முதலில் இருப்பது எழுத்து என்றே எனக்கு ஆறு மாசம் தெரியாது. பெயின்டர் ஆசைக்குப் போட்ட கோலம் என்று நினைத்திருந்தேன்.

அதனால் எனக்கு ஒரு வியாதி. ஒரு பக்கத்தில் ஊர்ப் பெயர் இருந்தால், அதைக் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவேன். ஊர்ப் பெயர் இல்லாத பக்கம் எனக்குப் போர்டு இல்லாத வண்டி. ஏறமாட்டேன்.

ஆக, எந்த ஊருக்கு வண்டி எடுத்தாலும் அந்த ஊர் வருகிற புத்தகமாகத் தேடி வாங்கி, அந்த ஊரிலேயே உட்கார்ந்து படிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

கடை வைக்காத பேய்

டூரிஸ்ட் வேன் ஓட்டிய காலத்தில் கொடைக்கானலுக்கு ஒரு பேய்க் கதையைக் கொண்டுபோனேன். ஒரு வளைவில் லில்லி என்கிற பேய் நிற்பதாகப் போட்டிருந்தது. பட்டப்பகலில் அந்த வளைவு வந்ததும் ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. அங்கே இருந்த டீக்கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டேன், லில்லி இப்போதும் இங்கேதானா என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி யாரும் இந்தப் பக்கம் கடை வைக்கவில்லை என்றார்.

ராமேஸ்வரத்துக்கு ஒரு கப்பல் கதை. அதில் கப்பல் மூழ்குகிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு மீனவரிடம் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போக, வர வாடகை வாங்கிக்கொண்டு, நடுக்கடலில் படகை நிறுத்தி, தண்ணீரைக் காட்டி "இதுதான்" என்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். கதை என்றால் கற்பனை என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சிரமப்பட்டு அச்சடிக்கிற மனுஷன் பொய்யா சொல்லப்போகிறான் என்பது என் கட்சி.

அப்புறம் இந்தக் கம்பெனி பஸ் வேலை. குன்றத்தூரில் ஆள் ஏற்றி, ஒரகடம் தாண்டி, வல்லம் வடகாலில் இறக்குவது. பாதை முழுக்கக் காம்பவுண்டு சுவர், கன்டெய்னர் லாரி, ஹாஸ்டல், பிரியாணிக் கடை, மறுபடியும் காம்பவுண்டு சுவர். இந்த ரூட்டைப் பற்றி எவன் புத்தகம் எழுதுவான், நம் படிப்புக்கு இதோடு மங்களம் என்று இருந்தேன்.

குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. ஒரு நாள் அங்கே தராசுத் தட்டில் ஒரு குண்டுப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை. முதல் பதினொரு பக்கம் இல்லை. பெயரும் தெரியாது, எழுதினவரும் தெரியாது. சும்மா பிரித்தேன். 'குன்றத்தூர்' என்று இருந்தது. தள்ளினேன். 'ஒரகடம்'. இன்னும் தள்ளினேன். 'வல்லத்து ஏரி'.

கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். என் ரூட்டை எவனோ நானூறு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறான்.

இசக்கி வாசித்தாள்

பஸ்ஸில் ஆள் ஏறுகிற இடைவெளியில் விரலை ஓட்டிப் படிப்பேன். பதினாலாம் பக்கத்தில் ஒன்பது நாள் இருந்தேன்.

எனக்குப் பின்சீட்டில் உட்காருகிற பெண் இசக்கி. திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் ஊர். குன்றத்தூர் ஹாஸ்டலில் தங்கி, கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்சில் வேலை. ஒன்பது நாளும் என் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தவள் பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினாள்.

"அண்ணே, இங்க தாங்க, நான் வாசிக்கேன். நீங்க முடிக்கதுக்குள்ள எனக்குக் கல்யாணமாயி, பிள்ள பள்ளிக்கூடம் போயிரும்லா."

அன்றைக்கு ஆரம்பித்தது. முதல் வாரம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தாள். அடுத்த வாரம் மூன்று வரிசைக்கு. அப்புறம் கடைசி சீட்டிலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சண்டை வந்தது. காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்குகிற கூட்டம் முழுக்க ஒயரைக் கழற்றிவிட்டது.

கதை இதுதான். அந்தக் காலத்தில் சடையன் என்று ஒரு மாட்டுவண்டிக்காரன். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டியைக் குன்றத்தூருக்குக் கொண்டுபோகிறான். பின்னாலேயே கொள்ளைக்காரர்கள். அவனும் டிரைவர், நானும் டிரைவர். முதல் பக்கத்திலேயே நான் அவன் கட்சி.

இசக்கி, 'வண்டி சரிவில் இறங்கியது' என்று வாசிக்கிற நேரத்தில் என் பஸ்ஸும் இறங்கினால் எல்லாருக்கும் வயிற்றில் ஜில்லென்று இருக்கும். இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டு கடந்த இடத்தையெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். அந்தப் புளியந்தோப்பு இந்த டயர் கம்பெனி இருக்கிற இடம்தானோ, அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டின குட்டை இந்த ஹாஸ்டல் பின்னாடிதானோ என்று பேச்சு. கற்பகம் அக்காதான் நடுவர். ஊர்க்காரி சொன்னால் அப்பீல் கிடையாது.

இரண்டு மெமோ

இந்த உற்சாகத்தில் எனக்கு இரண்டு மெமோ வந்தது.

சடையனைக் கொள்ளைக்காரர்கள் முதன்முதலில் துரத்திய அன்று, நான் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பறந்துவிட்டேன். அது முதல் மெமோ. இன்னொரு நாள் கம்பெனி கேட்டுக்கு வந்துசேர்ந்தும், அத்தியாயம் முடியவில்லை என்று ஒருத்தியும் இறங்கவில்லை. பின்னால் ஆறு பஸ் ஹாரன். அது இரண்டாவது.

மெமோ கொடுப்பவர் கோதண்டம் சார். கம்பெனியின் எல்லா பஸ்ஸையும் பார்த்துக்கொள்கிற இன்சார்ஜ். அவர் மேஜை டி.வி.யில் ரூட் சிவப்புக் கோடு, பஸ் பச்சைப் புள்ளி. புள்ளி கோட்டை விட்டு நகர்ந்தால் அந்தப் பெட்டி 'கீ' என்று கத்தும். மூன்றாவது மெமோ வந்தால் இந்த ரூட் எனக்குக் கிடையாது, வேறு ரூட்டுக்குத் தூக்கிவிடுவேன் என்று பேனாவை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

வேலை போகாது, ரூட்தானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு ரூட்தான் புத்தகம், இசக்கிதான் மூக்குக்கண்ணாடி. இரண்டையும் பிடுங்கிவிட்டால் நான் மறுபடியும் பதினாலாம் பக்கத்து ஆள்.

பத்து நிமிஷம் முன்னாடி

அப்போதுதான் அந்த அத்தியாயம் வந்தது. வல்லத்து ஏரிக்கரையில் சடையனின் மாடு படுத்துவிடுகிறது. அவன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மதகிலிருந்து கிழக்கே முந்நூற்று இருபது காலடி எண்ணி ஓடுகிறான். அங்கே ஒரு கிணறு. பெட்டியை உள்ளே போட்டுவிட்டுத் திரும்பி வந்து அடிபடுகிறான். சாகிறவரைக்கும் இடத்தைச் சொல்லவில்லை.

இசக்கி புத்தகத்தை மூடினாள்.

"அந்த மதகு இன்னும் கீது" என்றது கற்பகம் அக்கா.

எங்கள் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்தானாம். நான் முடியாது என்றேன். மெமோவைச் சொன்னேன், பச்சைப் புள்ளியைச் சொன்னேன். மூன்று நாள் முடியாது என்றேன். நாலாவது நாள் பஸ்ஸை எடுக்கப் போனால், பத்து நிமிஷம் முன்னாடியே நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். பல்லில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறுகிற கூட்டம் இது. இவர்கள் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. முன்னாடியே வந்துவிட்டு, என் முகத்தையே பார்த்தார்கள்.

நான் தோற்றேன். அப்படித்தான் மதகுக் கல்லில் முதுகை ஒட்டி நின்றேன்.

இருநூற்றுப் பதினாலாவது காலடியில் என் மூக்கு ஒரு காம்பவுண்டு சுவரில் இடித்தது. மேலே முள்கம்பி. தூணில் பெயின்டில் நாற்பத்தேழு என்று எண். நிமிர்ந்து பார்த்தேன். உள்ளே தெரிந்த நீலக்கூரை எங்கள் கம்பெனியுடையது.

ஓடிவந்து படியில் ஏறி, மிச்சம் நூற்று ஆறு காலடி நம் கம்பெனிக்குள்ளே இருக்கிறது என்றேன். பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தது.

வண்டியை விரட்டினேன். கேட்டில் நிறுத்தும்போது இரண்டு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. கடைசியாகக் கற்பகம் அக்கா அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனபோது இரண்டே நிமிஷம் பாக்கி.

மிச்சத்தை எண்ணும் பொறுப்பை இசக்கி எடுத்துக்கொண்டாள். டீ பிரேக்கில் நாற்பத்தேழாம் தூணின் உள்பக்கத்திலிருந்து நூற்று ஆறு காலடி நடந்திருக்கிறாள். மறுநாள் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அறிவித்தாள். கிணறு இருந்த இடம் கேன்டீனில் கை கழுவுகிற இடம்.

இரண்டு வருஷமாக நகைப்பெட்டிமேல் நின்று சாம்பார் கையைக் கழுவியிருக்கிறோம். சொன்னதும் செய்தி மற்ற பஸ்களுக்கும் போய்விட்டது. ஆளாளுக்குக் கை கழுவுகிற சாக்கில் தரை டைலைக் காலால் தட்டிப் பார்த்தார்களாம். சாப்பிடாதவர்கள்கூடக் கை கழுவ வரிசையில் நிற்பதைப் பார்த்துக் கேன்டீன்காரர் தன் சமையல்மேல் சந்தேகப்பட்டாராம்.

விளக்கம் எழுதுக

ஏரிக்குப் போன அன்றைக்கே மெமோ வந்துவிட்டது. புள்ளி பத்தொன்பது நிமிஷம் கோட்டுக்கு வெளியே இருந்திருக்கிறது. இரண்டு நாளில் எழுத்து மூலமாக விளக்கம் தரவேண்டும்.

மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாம் ஒரே யோசனைதான்: பஞ்சர் என்று மூன்று வரி எழுதிக் கொடு. நானும் பஞ்சர் என்று எழுதத்தான் பேப்பரும் பேனாவும் வாங்கினேன். அதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். 'ஐயா, நான்' என்று ஆரம்பித்தேன். பஞ்சருக்குப் பதிலாக மதகு வந்துவிட்டது. அப்புறம் சடையன் வந்தான். இசக்கி வந்தாள். பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. எழுதி முடித்தால் நாலு தாள், இரண்டு பக்கமும்.

ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் கோதண்டம் சார் மேஜையில் வைத்தேன். அவரும் இந்த மண்ணுக்காரர். அவர் குடும்பத்து நிலம் இந்தத் தொழிற்பேட்டைக்குப் போனதில்தான் அவருக்கு இங்கே வேலை. நாலு தாளையும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார், சுவருக்கு உள்ளே எப்படி எண்ணினீர்கள் என்று.

மஞ்சள் கோட்டுமேல்தான் சார், இசக்கி ஒழுங்கான பெண் என்றேன்.

எங்கள் கம்பெனியில் நடப்பதற்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதை விட்டு ஒரு காலடி வெளியே வைக்கக்கூடாது. திருப்பம் வந்தால் நின்று, வலது பக்கம் கை காட்டி, இடது பக்கம் கை காட்டி, அப்புறம்தான் போகவேண்டும். இசக்கி அப்படியே செய்திருக்கிறாள். நாலு இடத்தில் திரும்பி, நாலு இடத்திலும் கை காட்டி, நூற்று ஆறு. அதில் தப்பிருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, நாற்பத்திரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கோதண்டம் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன்யா, கொள்ளக்காரனுக்குப் பயந்துகினு ஓடுறவன் மஞ்சக் கோட்டு மேலயா ஓடுவான்? ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு கை காட்டினானா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் என் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் எழுதியிருந்ததால் எரிச்சலாகி, ஓரத்தில் படம் போட்டார். தூணிலிருந்து நேர் கோடு. அது கேன்டீன் பக்கமே போகவில்லை.

"கெணறு எங்க பெரியப்பாவோடது. தரைய சமம் பண்ணசொல்லோ மூடிட்டாங்க. நேரா வந்தீன்னா பஸ் பார்க்கிங், மூணாவது பே. உன் வண்டி நிக்கிற எடம்."

ஒன்பது நாள் பதினாலாம் பக்கத்தோடு நான் மல்லுக்கட்டியதில் பாதி நேரம் அந்தக் கிணற்றுமேல் உட்கார்ந்துதான். பெட்டி, சார், என்றேன்.

"அந்தக் காலத்துல தூர் வார நானே எறங்கிகீறேன். ஒரு கொடம், ஒத்தச் செருப்பு, ரெண்டு ஆமை. கெணறு நெஜம். பொட்டி அந்தாளு வுட்ட கத."

அச்சடித்தவர்கள் பொய் சொல்வார்கள் என்று நான் தெரிந்துகொண்ட நாள் அது. வருத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. பொய்யைப் போட ஒரு நிஜக் கிணறு தேடி வந்திருக்கிறான் பாருங்கள், அந்த மனுஷன்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இவ்வளவு பேசிவிட்டாரே, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். அவர் மெமோவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"மூணாவது மூணாவதுதான், ஏகாம்பரம். நாப்பத்திரண்டு பேரு ஷிப்ட்ட வெச்சி வெளையாடிக்கிற. ஒருத்தி லேட்டாயிருந்தாலும் அவ வூட்ல யாருயா பதில் சொல்றது? திங்கக்கெயம இருங்காட்டுக்கோட்டை ரூட்டுக்குப் போய்டு."

அந்த இரண்டு நிமிஷ பாக்கியை நினைத்தால் எனக்கே பகீர் என்றது.

திங்கட்கிழமை

சனிக்கிழமை புத்தகத்தை இசக்கி கையிலேயே கொடுத்தேன். இன்னும் எண்பது பக்கம் பாக்கி. அவள் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"மிச்சத்த நான் வாசிச்சு போன்ல அனுப்புதேன்ண்ணே. மஞ்சக் கோடுன்னு மட்டும் யாரும் எங்கிட்ட பேசப்பிடாது, சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை இருங்காட்டுக்கோட்டை வண்டி. முகம் தெரியாத ஆட்கள். ஆணும் பெண்ணுமாக ஏறினார்கள். முதலில் படியேறிய ஒரு பெண், சீட்டில் உட்காராமல், என் பக்கத்தில் வந்து நின்றது.

"கெணத்து பஸ் டிரைவரு நீங்கதானே? எங்க ரூட்டுக்கு இன்னா புக்கு எட்தாந்துக்கிறீங்க?"

என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த ரூட்டுக்கு இன்னும் எந்தத் தராசிலும் புத்தகம் கிடைக்கவில்லை. பாக்கெட்டைத் தடவினேன். நான் எழுதின விளக்கத்தின் ஜெராக்ஸ் நாலாக மடித்து இருந்தது. வெட்கத்தைவிட ஆசை பெரிசாக இருந்ததால் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஐயா, நான்" என்று ஆரம்பித்தது. மதகு வந்தது. சூரியன் உச்சந்தலையில் வந்தது. யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தர் சத்தமாக வாசிக்கச் சொன்னார். நான் எழுதினது இன்னொருத்தர் வாயிலிருந்து வருவதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், எங்கே எழுந்து நின்றுவிடுவேனோ என்று.

சுவரில் மூக்கு இடிக்கிற இடத்துக்கு இன்னும் நாலு வரிதான். எதிரே பெங்களூர் ரோடு சிக்னல். இருபத்தைந்து வருஷமாகச் சிவப்பைத் திட்டியே பிழைப்பு நடத்தியவன் நான். அன்றைக்குப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பாழாய்ப்போன பச்சையே, ஒரு நிமிஷம் சிவப்பாகித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டே போனேன்.